மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்கு: கார்பைடிலிருந்து எல்.இ.டி. வரை

மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கில் மூன்று உறுப்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன: ஒளியை உண்டாக்கும் சுடர் அல்லது பல்ப், அதைத் திரட்டி முன்னால் அனுப்பும் குழிந்த பிரதிபலிப்பான், இவற்றுக்குத் தீனி போடும் எரிவாயு அல்லது மின்சாரம். காரிலும் இதே மூன்றுதான். ஆனால் காருக்கு இரண்டு விளக்கு உண்டு, பெரிய பேட்டரி உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு நெடுங்காலம் ஒற்றை விளக்குத்தான், மின்சாரமும் அளந்துதான் கிடைத்தது. வளைவில் வண்டி சாயும்போது விளக்கும் கூடவே சாயும். பின்னால் ஒருவர் ஏறி உட்கார்ந்தாலே வெளிச்சம் மேலே தூக்கிவிடும். இந்தக் குறைகளோடு மல்லுக்கட்டியதே இந்த விளக்கின் நூற்றிருபது ஆண்டு வரலாறு. வெளிச்சத்தைக் கூட்ட ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு வழி கிடைத்திருக்கிறது. கூட்டிய வெளிச்சத்தை விழவேண்டிய இடத்தில் விழவைக்கத்தான் ஒவ்வொரு முறையும் நாளாயிற்று.

முதல் மோட்டார் சைக்கிள்கள் சைக்கிளின் வாரிசுகள். விளக்கும் சைக்கிளிலிருந்தே வந்தது. எண்ணெயில் எரியும் திரி விளக்கு, ஒரு வண்டி வருகிறது என்று எதிரில் வருபவருக்குக் காட்டும். ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டாது. சைக்கிள் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது, எஞ்சின் வேகத்துக்குப் போதவில்லை. வழி திறந்தது ஒரு தற்செயலால். 1892-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்ற கனடா நாட்டுக்காரர், மலிவாக அலுமினியம் எடுக்கும் முயற்சியில் சுண்ணாம்பையும் கரிப்பொருளையும் மின் உலையில் சூடாக்கினார். கிடைத்தது கால்சியம் கார்பைடு. அதன்மேல் தண்ணீர் பட்டால் அசெட்டிலின் வாயு கிளம்பும், பற்றவைத்தால் கண்ணைப் பறிக்கும் வெள்ளைச் சுடராக எரியும். சில ஆண்டுகளுக்குள் சைக்கிளுக்கும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கார்பைடு விளக்கு வந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளில் அதன் அமைப்பு இப்படி இருந்தது. வண்டிச் சட்டத்தில் பித்தளையாலான ஒரு டப்பா தொங்கும். மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைடு கற்கள். ஊசி வால்வைத் திருகினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் விழும். கிளம்பும் வாயு ரப்பர் குழாய் வழியாக முன் விளக்குக்குப் போகும். அங்கே மாக்கல்லில் செய்த பர்னரின் இரண்டு துளைகளிலிருந்து வரும் தாரைகள் ஒன்றோடொன்று மோதி, விசிறிபோல் தட்டையான சுடராக விரியும். பின்னாலிருக்கும் கண்ணாடி அதைச் சாலைக்கு அனுப்பும். இருட்டத் தொடங்கியதும் வண்டியை ஓரம் கட்டி, வால்வைத் திறந்து, வாயு வரும்வரை காத்திருந்து, தீக்குச்சி கிழிக்க வேண்டும். தண்ணீர் கூடுதலாகச் சொட்டினால் சுடர் தாறுமாறாக எழும்பும், குறைந்தால் மங்கும். வீடு திரும்பியதும் டப்பாவுக்குள் சேறாகக் கிடக்கும் நீற்றுச் சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவாவிட்டால் அடுத்த இரவு விளக்கு எரியாது. கார்பைடுக்கே உரிய பூண்டு நாற்றம் கையை விட்டுப் போகாது. கேஸ் வெல்டிங் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு அந்த நாற்றம் பழக்கமானது.

இத்தனை தொல்லைக்கும் அந்த வெளிச்சம் தகுதியானதாகவே இருந்தது. பின்னால் வந்த முதல் மின்விளக்குகள் பலவற்றைவிடக் கார்பைடு விளக்கு பிரகாசமானது என்பதை மறந்துவிடக்கூடாது. டப்பாத் தொல்லையைத் தீர்க்க அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். 1904-ல் இண்டியானாபோலிஸில் தொடங்கிய பிரஸ்ட்-ஓ-லைட் நிறுவனம், அசெட்டிலினை அசிட்டோனில் கரைத்துச் சிலிண்டரில் அடைத்து விற்றது. தீர்ந்துபோன சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்ளலாம், நம் வீட்டு எரிவாயு போல. மோட்டார் சைக்கிளுக்கென்று 10 கன அடி கொள்ளும் சிறு சிலிண்டர் தனியாக வந்தது. அமெரிக்க பிளம்பர்கள் இன்றும் அந்த அளவுச் சிலிண்டரை எம்.சி. என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

மின்சாரம் வரத் தாமதமானதற்குக் காரணம் பல்ப் இல்லாததல்ல. அக்கால எஞ்சினில் பொறி உண்டாக்க மேக்னெட்டோ என்ற காந்தக் கருவி இருந்தது. அதற்கு பேட்டரி வேண்டாம், அது தருவதும் பொறி மட்டுமே. விளக்கு எரிய வேண்டுமானால் டைனமோ, பேட்டரி, பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமல் தடுக்கும் கருவி எல்லாம் தனியாகச் சேர்க்க வேண்டும். கார் அந்தச் சுமையைத் தாங்கியது. 1912-ல் காடிலாக் கார் மின் ஸ்டார்ட்டரோடும் மின்விளக்கோடும் வந்தது. அதைப் பார்த்து அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1914-ல் ஹெண்டி ஸ்பெஷல் என்ற மோட்டார் சைக்கிளை மின் ஸ்டார்ட்டர், மின்விளக்குடன் கொண்டுவந்தது. அக்கால பேட்டரிகளால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை, முயற்சி தோற்றது. மறு ஆண்டு ஹார்லி-டேவிட்சன் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு மின்விளக்கை மட்டும் சேர்த்தது, அது நிலைத்தது. உள்ள மின்சாரத்துக்குள் வெளிச்சத்தை அடக்குவது என்ற கணக்கை அன்றே போட்டுவிட்டார்கள்.

பிரிட்டனில் 1920கள் முழுவதும் மின்விளக்கு கூடுதல் விலைக்கு வாங்கும் பொருளாகவே இருந்தது. கார்பைடு விளக்கோடு வண்டி வாங்கியவர்கள் பின்னால் பெல்ட்டால் ஓடும் சிறு டைனமோவைப் பொருத்தி மின்சாரத்துக்கு மாறினார்கள். முகப்பு விளக்கை மேம்படுத்தும் வேலை கடைப்பொருளாக விற்கத் தொடங்கியது அப்போதுதான். மேக்னெட்டோவையும் டைனமோவையும் ஒரே கூட்டில் இணைத்த பர்மிங்ஹாம் லூகாஸ் நிறுவனத்தின் மேக்டைனோ பரவியபின் அந்த இரட்டை வேலை தேவைப்படவில்லை. 1930களில் பிரிட்டிஷ் வண்டிகளில் அது சாதாரணமாயிற்று. 6 வோல்ட் மின்சாரம், 24 அல்லது 30 வாட் பல்ப் என்பது அடுத்த இருபது ஆண்டுகளுக்கு வழக்கமாக நீடித்தது.

வெளிச்சம் கூடியதும் எதிரில் வருபவரின் கண் கூசுவது பிரச்சினையாயிற்று. கார்பைடு சுடரை நினைத்த நொடியில் தணிக்க வழி இருந்ததில்லை. மின்விளக்கில் முதலில் செய்தது, எதிரில் வண்டி வந்தால் பெரிய பல்பை அணைத்துச் சிறிய பல்பை எரியவிடுவது. எதிர் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அதே நொடியில் சொந்த வெளிச்சமும் போய்விடும். விளக்கையே கம்பியால் இழுத்துக் கீழே சாய்க்கும் அமைப்புகளும் இருந்தன.

நிலையான தீர்வு 1920களின் நடுவில் வந்தது. ஓஸ்ராம் நிறுவனம் 1925-ல் வெளியிட்ட பைலக்ஸ் பல்பில் இரண்டு இழைகள் இருந்தன. ஒன்று பிரதிபலிப்பானின் குவியத்தில் அமர்ந்து நெடுந்தூரம் ஒளியை அனுப்பும். மற்றது குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கும், அதன் அடியில் கரண்டி போன்ற ஒரு சிறு தகடு. அந்தத் தகடு கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைப்பதால் பிரதிபலிப்பானின் மேல் பாதியில் மட்டுமே ஒளி படும். குவியத்துக்கு முன்னாலிருந்து கிளம்பி மேல் பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித்தான் திரும்பும். கட்டைவிரலால் சுவிட்சைத் தட்டினால் டிப், மீண்டும் தட்டினால் பிரைட். ஹாலஜன் பல்ப் வரை வந்த இரட்டை இழை பல்புகளில் பல இந்தத் தகட்டை நம்பியே இயங்கின. இழை ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் சாலையில் வெளிச்சம் மீட்டர் கணக்கில் இடம் மாறும். மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்கில் நல்ல மாற்றம் எது, கெட்ட மாற்றம் எது என்பதை இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கிறது.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிரிட்டனில் இருட்டடிப்பு வந்தது. முகப்பு விளக்குகளுக்குக் கீற்றுகள் வெட்டிய தகர மூடி போடப்பட்டது. அந்த மாதம் சாலைச் சாவுகள் முந்தைய ஆண்டின் செப்டம்பரைப் போல ஏறக்குறைய இரு மடங்காயின. பாதுகாப்புக்காக விளக்கை மறைத்ததில் உயிர்கள் போயின. 1940 பிப்ரவரியில் ஊருக்குள் இரவு வேகத்தை மணிக்கு 20 மைலாகக் குறைக்க வேண்டியதாயிற்று. லட்சத்துக்கும் மேல் தயாரான பி.எஸ்.ஏ. எம்20 போன்ற ராணுவ மோட்டார் சைக்கிள்களும் இத்தகைய மூடி போட்ட விளக்கோடு ஓடின. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய நாள்களில் மெட்ராஸ் நகரமும் இருட்டடிப்புக்குள் இருந்தது.

போருக்குப் பின் வந்த பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. டைனமோ போய் ஆல்ட்டர்னேட்டர் வந்தது. காந்தம் எஞ்சின் தண்டோடு சுழலும், அதைச் சுற்றியிருக்கும் காயிலில் மின்சாரம் பிறக்கும். தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் கிடையாது. டிரையம்ப் ஸ்பீட் ட்வின் 1953-ல் இதற்கு மாறியது. 1960களில் 6 வோல்ட் 12 வோல்ட்டானது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். 30 வாட் பல்ப் 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர்தான். கரன்ட் பாதியானால் வயரிலும் சுவிட்சிலும் வீணாகும் வோல்ட் பாதியாகும். மொத்த வோல்ட் இரட்டிப்பாகியிருப்பதால் அந்த இழப்பின் விகிதம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். டங்ஸ்டன் இழை வோல்ட் குறைவை மிக மோசமாகத் தண்டிக்கும்: 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பழைய 6 வோல்ட் வண்டியின் மஞ்சள் மினுக்கத்துக்கு பல்பைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி வயர்தான்.

இந்த வரலாறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது 1955-ல். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்த பின், பிரிட்டனின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் வண்டி முழுவதையும் உள்நாட்டிலேயே செய்தார்கள். 1961-ல் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கியபின் வாகன மின்கருவிகளுக்கும் சென்னை ஒரு மையமானது. ரெடிட்ச் ஆலை மூடப்பட்ட பிறகும் புல்லட் இங்கே தொடர்ந்ததால், 1950களின் பிரிட்டிஷ் முகப்பு விளக்கு அமைப்பு உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்குத் திருவொற்றியூரில் நீண்ட ஆயுள் பெற்றது.

அந்த அமைப்பு அருகில் நின்று பார்க்கத் தக்கது. ஃபோர்க்கின் தலைப்பகுதியும் முகப்பு விளக்கும் ஸ்பீடாமீட்டரும் ஒரே அலுமினிய வார்ப்பில் அடங்கியிருக்கும். நடுவில் ஏழு அங்குல விளக்கு, அதன் இருபுறமும் மேலே பொத்தான் அளவில் இரண்டு சிறு விளக்குகள். புல்லட் பிரியர்கள் இவற்றை டைகர் லேம்ப் என்பார்கள். இரவில் வண்டியை நிறுத்திவைத்தால் இருப்பைக் காட்டுவதும், பெரிய பல்ப் போய்விட்டால் ஊர் வந்து சேர உதவுவதும் இவற்றின் வேலை. ஒற்றை விளக்கு வண்டிக்கு அது மிக நல்ல ஏற்பாடு. வார்ப்பின் மேல்புறம் ஆம்மீட்டர் ஒன்றும் பதிந்திருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டால் அதன் முள் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் சாயும்: பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகம் பிடித்ததும் முள் நிமிர்ந்து வலப்பக்கம் நகரும். விளக்குக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை ஓட்டுபவர் கண்முன் வைத்த கருவி அது. இன்றைய வண்டிகளில் அது இல்லாதது ஓர் இழப்பு.

சிறிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் துணையே இருக்கவில்லை. 1980-ல் ஓசூரில் வெளிவந்த டி.வி.எஸ். 50 உள்ளிட்ட மொபெட்டுகளிலும் அக்கால ஸ்கூட்டர்கள் பலவற்றிலும், மேக்னட்டுக்கு உள்ளே இருக்கும் லைட்டிங் காயிலிலிருந்து மின்சாரம் நேராக பல்புக்குப் போகும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம் கூடும், மெதுவானால் மங்கும். வெளிச்சம் மிகவும் தேவைப்படுவது பள்ளத்தைக் கண்டு வேகத்தைக் குறைக்கும்போதுதான், சரியாக அந்த நேரத்தில் விளக்கு சாம்பல் பூத்த கங்காகிவிடும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கி, அந்த நொடி வெளிச்சத்தில் பள்ளத்தைப் பார்த்துவிட்டு இறங்குவது கிராமத்து ஓட்டிகளுக்குக் கைவந்த கலை. ஒரே மூச்சில் அதிகமாக முறுக்கினால் பல்ப் ப்யூஸ் போகும். வோல்ட்டை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் ரெகுலேட்டர் பரவலானபின் ப்யூஸ் போவது குறைந்தது, மங்குவது மட்டும் நெடுங்காலம் நீடித்தது.

இதற்குள் உலகின் பிற பகுதிகளில் ஹாலஜன் வந்துவிட்டது. சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து அதைக் கறுப்பாக்கும். பல்புக்குள் அயோடின் அல்லது புரோமின் சேர்த்தால், ஆவியான டங்ஸ்டன் அதனோடு கூடி மீண்டும் இழைக்கே திரும்பும். அதனால் இழையை இன்னும் சூடாக எரிக்கலாம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் 1950களின் இறுதியில் உருவாக்கிய இந்த பல்ப், 1962-ல் ஐரோப்பியக் கார்களுக்கு எச்1 என்ற பெயரில் வந்தது. அதில் ஓர் இழைதான். மோட்டார் சைக்கிளின் ஒற்றை விளக்குக்கு டிப்பும் பிரைட்டும் ஒரே பல்பில் வேண்டும். 1971-ல் வந்த எச்4 அதைத் தந்தது: 60 வாட் பிரைட், 55 வாட் டிப். அடுத்த சில ஆண்டுகளில் பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள்கள் அதற்கு மாறின. இந்திய நூறு சி.சி. வண்டிகளுக்கு அதன் இளைய உடன்பிறப்பான 35/35 வாட் எச்.எஸ்.1 வந்து சேர்ந்தது. எச்4 பிரைட்டில் 1650 லூமென் ஒளி தரும், எச்.எஸ்.1 அதில் சரிபாதி. இந்தக் கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வதில் காரணம் உண்டு. விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறிக் கண்ணாடி பழுதாகும்.

35 வாட் போதவில்லை என்ற குறை நியாயமானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 17 மீட்டர் போகிறது. மாடு நிற்பதைக் கண்டு பிரேக்கில் காலும் கையும் போய்ச் சேர்வதற்குள் அந்த 17 மீட்டர் கடந்துவிடும், நிற்க இன்னும் 25 மீட்டராவது வேண்டும். மங்கிய விளக்கின் டிப் வெளிச்சம் அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியவேண்டும் என்கின்றன. இந்த இடைவெளியை நிரப்பத்தான் உதிரிபாகக் கடைகளில் 90/100 வாட் பல்ப் வந்தது, ஏராளமாக விற்றது.

அது தவறான மருந்து. வண்டியின் காயில் 35 வாட்டுக்கோ 60 வாட்டுக்கோ அளந்து சுற்றப்பட்டது. 100 வாட் பல்ப் கேட்கும் மின்சாரம் அதனிடம் கிடையாது. பேட்டரி இறங்கும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், டூமின், அதாவது பிரதிபலிப்பானும் கண்ணாடியும் சேர்ந்த கூட்டின், பளபளப்புப் பூச்சு சூட்டில் கருகும். சில மாதங்களில் வெளிச்சம் பழையபடியோ அதற்குக் கீழேயோ வந்து நிற்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கண்டுபிடித்த வழி வேறு. ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் சாவி, ஹேண்டில்பார் சுவிட்ச், டிப் சுவிட்ச், நாலைந்து கனெக்டர்கள் என்று ஊர் சுற்றித்தான் பல்பை அடைகிறது, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் இழக்கிறது. இடையில் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சைப் போட்டால் ஹேண்டில்பார் சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். பல்புக்கான மின்சாரம் ஃப்யூஸ் வழியாகத் தடித்த வயரில் பேட்டரியிலிருந்து நேராக வரும். பேட்டரி வழி எரியும் விளக்குகளில், கம்பெனி பல்பை மாற்றாமலே, பீங்கான் ஹோல்டரும் ரிலேயும் சேர்த்த உடனே வெளிச்சம் கண்கூடாகக் கூடியது. சட்டத்துக்கும் இடைஞ்சலில்லை, எதிரில் வருபவருக்கும் இல்லை. இந்திய மெக்கானிக் கடைகள் இந்த விளக்குக்குச் செய்த ஆகச் சிறந்த சேவை இதுதான்.

கண் கூச்சத்தைத் தடுக்க இங்கே பின்பற்றிய வழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். விளக்குக் கண்ணாடியின் மேல் பாதியில் கறுப்பு பெயிண்ட் அடிப்பது, அல்லது நடுவில் வட்டமாகக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. 1965, 1971 போர்க்காலத்தில் விளக்குகளைக் கறுப்பாக்கிய நினைவு மக்களிடம் இருந்தது. பின்னர் பல மாநிலங்களில் போக்குவரத்துக் காவலர்களே சாலையோரம் வண்டிகளை நிறுத்தி இதைச் செய்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் பைலக்ஸ் பல்பின் அமைப்பை நினைவில் கொண்டால் விளைவு தலைகீழாக இருப்பது புரியும். டிப் ஒளி பிரதிபலிப்பானின் மேல் பாதியில் மட்டும் பட்டு, கண்ணாடியின் மேல் பாதி வழியாகத்தான் வெளியேறுகிறது. மேல் பாதியைக் கறுப்பாக்கினால் யாருக்கும் கண் கூசாத டிப் ஒளி அடைபடும். டிப்பில் வழி தெரியாத ஓட்டி பிரைட்டிலேயே ஓட்டுவார், பிரைட் ஒளியில் பாதி கீழ்க் கண்ணாடி வழியாகத் தாராளமாக வெளியே வரும். நடுவட்ட ஸ்டிக்கர் பெரிய கெடுதல் செய்யவில்லை, எச்4 பல்பின் நுனியில் இருக்கும் கறுப்பு முனை அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிடுகிறது.

1991-ல் பி.எம்.டபிள்யூ. காரில் வந்த செனான் விளக்கில் இழையே இல்லை. இரண்டு முனைகளுக்கிடையே மின்வில் எரியும், 35 வாட்டில் 3000 லூமெனுக்கு மேல் ஒளி. 2000களில் அதன் மலிவுப் பதிப்புகள் எச்4 அடித்தளத்தோடு மோட்டார் சைக்கிள் கடைகளுக்கு வந்தன. இழைக்காக வடித்த பிரதிபலிப்பானில் மின்வில்லை வைத்தால் ஒளியின் பிறப்பிடம் மாறிவிடும், டிப் கோடு கலைந்து எதிரில் வருபவர் கண்ணில் சிதறும். நீல வெள்ளை ஒளி ஓட்டுபவருக்குப் பெரும் வெளிச்சமாகத் தோன்றினாலும் பெரும்பகுதி வண்டிக்கு முன்னால் சில அடியிலும் மரக்கிளையிலும் விழுந்தது.

இதற்கிடையே விளக்குக்கு இரண்டாவது வேலை ஒன்று உறுதிப்பட்டது: பகலில் பிறர் கண்ணில் படுவது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்த ஹாரி ஹர்ட் குழுவின் அறிக்கை 1981-ல் வந்தது. விபத்துகளில் சுமார் முக்கால் பங்கு இன்னொரு வண்டியோடு மோதியவை, மோதிய கார்க்காரர்களில் பலர் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவே இல்லை. பகலில் விளக்கெரியும் வண்டிகள் இதற்குக் குறைவாகவே இரையாயின. சாலைச் சாவுகளில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் நிகழும் மலேசியா, 1992-ல் பகலிலும் முகப்பு விளக்கைக் கட்டாயமாக்கியது. சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடந்த ஆய்வில், கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக ராடின் உமர் குழு கண்டது. 1995-ல் சிங்கப்பூரும் அதே வழியில் சென்றது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே விளக்கெரிய வேண்டும் என்ற விதி வந்தது. ஹேண்டில்பாரிலிருந்து ஹெட்லைட் சுவிட்ச் மறைந்தது. அந்த ஆண்டு முழுவதும் சாலையில் எதிரே வந்தவர்கள் விரல்களை விரித்து மூடி, விளக்கு எரிகிறது என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எந்நேரமும் எரியும் விளக்கு கொஞ்சமாகத்தான் மின்சாரம் குடிக்க வேண்டும். எல்.இ.டி. அந்தத் தேவைக்குப் பொருந்தியது. 1990களில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. சாத்தியமானதும் வெள்ளை ஒளி கைகூடியது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 2007-ல் லெக்ஸஸ் காரில் எல்.இ.டி. முகப்பு விளக்கு வந்தது, 2013-ல் பி.எம்.டபிள்யூ. ஆர்1200 ஜி.எஸ். மோட்டார் சைக்கிளில். இந்தியாவில் தயாரான கே.டி.எம். 390 டியூக் 2017-ல் அதைப் பெற்றது. ராயல் என்ஃபீல்டுக்கு 2022-ல் அறிமுகமான சூப்பர் மீட்டியர் 650 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. சில்லும் பிரதிபலிப்பானும் ஒன்றாகவே வடிவமைக்கப்பட்டதால் இந்த விளக்குகளில் டிப் கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். பழுதானால் பல்பை மாற்ற முடியாது, முழு டூமையும் மாற்ற வேண்டும்.

பழைய டூமில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது வேறு விஷயம், செனான் கதை அங்கே மீண்டும் நடக்கிறது. உருண்டையான இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்.இ.டி. பல்பில் இரு பக்கமும் ஒட்டிய தட்டையான சில்லுகள்தான். சில்லுகள் இழையின் அதே இடத்தில், அதே அளவில் இருந்தாலொழிய வெளிச்சம் சிதறும். ஜெர்மனி 2020-ல் ஓஸ்ராமின் எல்.இ.டி. மாற்று பல்பு ஒன்றுக்கு முதன்முறையாகச் சாலை அனுமதி கொடுத்தபோது, பல்புக்குப் பொதுவாகக் கொடுக்கவில்லை. எந்தெந்த வண்டி மாடலின் விளக்கில் சோதித்துத் தேறியதோ அந்த மாடல்களுக்கு மட்டும் கொடுத்தது. பல்பைத் தனியாக மதிப்பிட முடியாது என்பதை ஒப்புக்கொண்ட சரியான முறை அது.

வளைவில் சாயும் வண்டியின் விளக்கு, திரும்பவேண்டிய திசையில் இருட்டை விட்டுவிடும் குறைக்கு விடை வர நூறாண்டுக்கு மேலாயிற்று. 2011-ல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. கே1600-ல் செனான் ஒளியை ஒரு கண்ணாடி வாங்கித் திருப்பும். வண்டி சாயும் அளவைச் சென்சார் அறிந்து சொல்ல, மோட்டார் அந்தக் கண்ணாடியை எதிர்த்திசையில் சுழற்றி வெளிச்சத்தைக் கிடைமட்டமாக வைத்திருக்கும். 2015-ல் டுகாட்டியும் கே.டி.எம்.மும் எளிய வழி கண்டன: விளக்கின் பக்கவாட்டில் கூடுதல் எல்.இ.டி.கள், சாய்வு கூடக்கூட வளைவின் உட்பக்கத்தில் ஒவ்வொன்றாக எரியும். இவை இன்னும் விலையுயர்ந்த வண்டிகளிலேயே இருக்கின்றன.

கோடிக்கணக்கான ஹாலஜன் வண்டிகளுக்கு இன்றும் செய்யக்கூடிய மேம்பாடு பழைய மூன்று உறுப்புகளைச் சுற்றியே இருக்கிறது. மஞ்சளித்த டூமை மாற்றுவது, மின்சாரத்துக்கு ரிலே வழியாக நேர்ப்பாதை தருவது, தரமான கம்பெனி பல்ப் போடுவது, பிறகு முகப்பு விளக்கின் உயரத்தைச் சரிபார்ப்பது. உயரத்தைச் சரிபார்க்கக் கருவி தேவையில்லை. வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் ஏற்றிக்கொண்டு, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். டிப் வெளிச்சத்தின் மேல்விளிம்பு சுவரில், விளக்கின் நடுமட்டத்துக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். மேலே போனால் டூமின் அடியிலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, விளக்கைத் தாழ்த்தி, மீண்டும் இறுக்க வேண்டும்.